வாய்ச்சொல்லும் கையெழுத்தும்

அமெரிக்கப் பள்ளிகளில் ஓடுகிற, நீந்துகிற, ராக்கெட் பிடிக்கிற பிள்ளைகளில் கொஞ்சம் பேருக்குப் பத்தாம் வகுப்பு முடிந்த கோடையில் கல்லூரி கோச்சுகளிடமிருந்து போன் வர ஆரம்பிக்கும். அந்தப் போனில் கேட்ட சொற்களை நம்பி ஒரு குடும்பம் அடுத்த ஐந்தாறு வருடத்தைத் திட்டமிட்டுவிடுகிறது. நியூ ஜெர்சியில் ஒரு அரசுப் பள்ளியில் கல்லூரி ஆலோசகராக இருந்த காலம் முழுக்க இப்படிப்பட்ட குடும்பங்களோடு உட்கார்ந்து பேசியிருக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகும் தமிழ்க் குடும்பங்கள் வீடு தேடி வருகின்றன. வருகிறவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். பெற்றோரும் படிக்கலாம், ஆனால் நான் பேசுவது பிள்ளையிடம்.

1. ‘கமிட்’ ஆவது என்பது இவ்வளவுதான். கோச், “உனக்கு எங்கள் அணியில் இடம் இருக்கிறது, இவ்வளவு ஸ்காலர்ஷிப் தருகிறோம்” என்கிறார். நீ “வருகிறேன்” என்கிறாய். இருவரும் சந்தோஷமாகப் போனை வைக்கிறீர்கள். அந்தப் பேச்சு உன்னையும் கட்டுப்படுத்தாது, கல்லூரியையும் கட்டுப்படுத்தாது. கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு அதைப் பதிவுசெய்வதில்லை. கோச் பின்வாங்கினால் போய்க் கேட்க ஓர் இடமும் இல்லை. ஊரில் ஒரு மனை வாங்க அட்வான்ஸ் கொடுத்து, வில்லங்கம் பார்த்து, பத்திரம் பதிந்து, பட்டாவில் பெயர் மாறும்வரை தூங்காத அப்பா, மகளுடைய நான்கு வருடப் படிப்புச் செலவை ஒரு போன் பேச்சில் விட்டுவிட்டு நிம்மதியாக இருப்பதைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். கோச்சுகள் ஏமாற்றுகிறவர்கள் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலானவர்கள் சொன்னதைச் செய்யத்தான் நினைக்கிறார்கள். ஆனால் சொன்னதைச் செய்யும் அதிகாரம் கடைசிவரை அவர்கள் கையில் இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

2. தேதிகளை மனதில் வை. 2019-இல் மாறிய விதிப்படி, என்.சி.ஏ.ஏ.வின் மேல்மட்டமான டிவிஷன் ஒன்றில் பெரும்பாலான விளையாட்டுகளில் பத்தாம் வகுப்பு முடிந்த ஜூன் 15 வரை கோச் உன்னைச் சேர்ப்பது பற்றிப் பேசவே கூடாது. கல்லூரிக்கு அழைத்துக் காட்டுவது பதினொன்றாம் வகுப்புக்கு முந்தைய ஆகஸ்ட் 1 முதல். அமெரிக்கக் கால்பந்து, கூடைப்பந்து, லாக்ராஸ், சாஃப்ட்பால் போன்றவற்றுக்குத் தேதிகள் வேறு. உன் விளையாட்டுக்கு எது என்று என்.சி.ஏ.ஏ. வெளியிடும் கையேட்டில் பார்த்துக்கொள். ஸ்காலர்ஷிப்பை எழுத்தில் கொடுக்க அனுமதி பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கும் ஆகஸ்ட் 1-க்குப் பிறகுதான். பல விளையாட்டுகளில் கையெழுத்துப் போடும் காலம் தொடங்குவது நவம்பர் இரண்டாவது புதன்கிழமை.

கணக்குப் போட்டுப் பார். முதல் போன் வரக்கூடிய நாளுக்கும் முதல் காகிதம் வரக்கூடிய நாளுக்கும் நடுவே பதின்மூன்று மாதத்துக்கு மேல் ஆகிறது. இந்த நீண்ட காலத்தில் உன்னிடம் இருப்பது வாய்ச்சொல் மட்டுமே. பெரும்பாலான விபத்துகள் நடப்பது இந்த இடைவெளியில்தான். கீழே நான் சொல்லப்போவதில் முக்கால்வாசி இந்தப் பதின்மூன்று மாதங்களைப் பற்றியது.

3. வந்திருப்பது ஆஃபரா என்று முதலில் தெரிந்துகொள். உன் பெயர் போட்டு வந்த முகாம் அழைப்பு ஆஃபர் கிடையாது. அது பெரும்பாலும் கட்டணம் கட்டிப் போகிற முகாம், நூற்றுக்கணக்கானவர்களுக்குப் போன கடிதம். “உன் ஆட்டத்தைத் தொடர்ந்து பார்க்கிறோம்” என்பதும் ஆஃபர் கிடையாது. “உன்னை எங்களுக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது” என்பது அன்பான சொல், அதற்கு மேல் ஒன்றுமில்லை. ‘பிரிஃபர்டு வாக்-ஆன்’ என்றால் அணியில் இடம் உண்டு, பணம் கிடையாது.

ஆஃபர் என்றே சொன்னாலும் அதிலும் ஒரு நெளிவு இருக்கிறது. குறிப்பாக அமெரிக்கக் கால்பந்தில், இருக்கும் இடத்தைவிட அதிகம் பேருக்கு ஆஃபர் சொல்லி வைப்பது சாதாரணம். அதனால் ஒரே ஒரு கேள்வி கேள்: “கோச், இன்று இந்த நிமிடம் நான் வருகிறேன் என்று சொன்னால் எடுத்துக்கொள்வீர்களா?” நேரான பதில் வந்தால் அது ஆஃபர். “முதலில் நீ இங்கே வந்து பாரேன்”, “கோடை முடியட்டும், பேசலாம்” என்று வந்தால், அவர் பட்டியலில் உனக்கு முன்னால் வேறு பெயர்கள் இருக்கின்றன. அதில் கோபப்பட ஒன்றுமில்லை. நீயும் வேறு கல்லூரிகளோடு பேசிக்கொண்டே இரு.

4. பணத்தைப் பற்றி விரிவாகப் பேச வேண்டும், ஏனென்றால் நம்மவர்கள் இங்கேதான் வாயை மூடிக்கொள்கிறார்கள்.

‘ஸ்காலர்ஷிப் கிடைத்தது’ என்று தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழாவில் சொல்லும்போது கேட்பவர் காதில் ‘எல்லாம் இலவசம்’ என்று விழுகிறது. பெரும்பாலான விளையாட்டுகளில் அப்படி இல்லை. 2025 வரை ஆண்கள் டென்னிஸ் அணி ஒன்றுக்கு மொத்தமே நான்கரை ஸ்காலர்ஷிப். ஆண்கள் நீச்சலுக்கு 9.9, பேஸ்பாலுக்கு 11.7. அதை அணி முழுக்கப் பிய்த்துப் பிய்த்துக் கொடுப்பார்கள். ஆனால் பெண்கள் டென்னிஸில் எட்டுப் பேருக்கு முழு ஸ்காலர்ஷிப் என்ற கணக்கு இருந்தது. அதை இன்னும் நினைவில் வைத்துக்கொண்டு வருகிற பெற்றோர் உண்டு. 2025 ஜூலை 1 முதல் அந்தக் கணக்குகள் எல்லாம் மாறிவிட்டன. என்.சி.ஏ.ஏ. மீதான பெரிய வழக்கு ஒன்று சமரசத்தில் முடிந்ததால், அதை ஏற்றுக்கொண்ட கல்லூரிகளுக்கு ஸ்காலர்ஷிப் எண்ணிக்கை வரம்பு நீங்கியது. எந்த விளையாட்டிலும் அணியில் உள்ள எத்தனை பேருக்கும் கொடுக்கலாம், எதையும் பங்கு போட்டும் கொடுக்கலாம். வரம்பு போனதே தவிர, கல்லூரியின் பணப்பெட்டி பெரிதாகிவிடவில்லை. அதே வழக்கின் விளைவாக, ஆட்டக்காரர்களுக்கு வருமானத்தில் நேரடிப் பங்கு கொடுக்கவும் கல்லூரிகளுக்கு வழி திறந்தது. முதல் வருட உச்சவரம்பு ஒரு கல்லூரிக்குச் சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர். அதில் பெரும்பகுதி அமெரிக்கக் கால்பந்துக்கும் கூடைப்பந்துக்கும்தான் போகிறது. நீச்சல்காரருக்கும் டென்னிஸ்காரருக்கும் என்ன மிஞ்சும் என்பது கல்லூரிக்குக் கல்லூரி வேறுபடும்.

ஆகவே “இருபத்தைந்து சதவீதம்” என்று கோச் சொன்னால் அடுத்த கேள்வி: எதில் இருபத்தைந்து? ஒரு கல்லூரியில் படிப்புக் கட்டணம் 40,000 டாலர், தங்குமிடமும் சாப்பாடும் மற்றதும் 20,000, ஆக மொத்தம் 60,000 என்று வைத்துக்கொள். கட்டணத்தில் கால் பங்கு என்றால் 10,000. மொத்தச் செலவில் கால் பங்கு என்றால் 15,000. நான்கு வருடத்தில் வித்தியாசம் 20,000 டாலர், ஒரே சொல்லில். அடுத்தது, சதவீதமா, டாலர் தொகையா? கட்டணம் வருடா வருடம் ஏறும். நிலையான தொகை ஏறாது. அடுத்தது, ஒரு வருடத்துக்கா, நான்கு வருடத்துக்குமா? 1973-க்கு அப்புறம் வெகுகாலம் ஒரு வருடத்துக்கு மேல் எழுதித் தர விதியே இடம் கொடுக்கவில்லை. 2012-இல்தான் மறுபடி அனுமதித்தார்கள். அனுமதி இருக்கிறது என்பதால் எல்லோரும் கொடுக்கிறார்கள் என்று பொருளில்லை. கேட்டால்தான் தெரியும். கடைசியாக, மதிப்பெண்ணுக்காகக் கிடைக்கும் உதவித்தொகையை இதோடு சேர்த்துக்கொள்ள முடியுமா? நம் பிள்ளைகளில் பலருக்கு விளையாட்டுப் பணத்தைவிட அந்தப் பணம்தான் அதிகம்.

இதையெல்லாம் கேட்ட பிறகு, உங்கள் மாநிலப் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு உதவியே இல்லாமல் படித்தால் என்ன செலவு என்பதையும் பக்கத்தில் எழுதிப் பார். முப்பதாயிரம் டாலரில் முடிகிற இடத்தை விட்டுவிட்டு, ‘ஸ்காலர்ஷிப்’ என்ற பெயருக்காக ஐம்பதாயிரம் கட்டுகிற குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். தெரிந்தே கட்டினால் தவறில்லை. தெரியாமல் கட்டக் கூடாது. இன்னொன்று: கட்டணத்துக்கும் புத்தகத்துக்கும் கிடைக்கும் ஸ்காலர்ஷிப்புக்கு வருமான வரி இல்லை, தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் கிடைக்கும் பகுதிக்கு உண்டு.

5. ஐவி லீகின் எட்டுக் கல்லூரிகளும் விளையாட்டுக்காக ஒரு டாலர்கூடத் தருவதில்லை. டிவிஷன் மூன்றும் அப்படியே. எம்.ஐ.டி., கால்டெக், சிகாகோ பல்கலைக்கழகம், கார்னகி மெலன் எல்லாம் டிவிஷன் மூன்றில் ஆடுகின்றன என்று சொன்னால் பல அப்பாக்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். அங்கே உதவி கிடைப்பது குடும்ப வருமானத்தைப் பார்த்து, சில இடங்களில் படிப்பையும் பார்த்து. அங்கே கோச்சுடைய வாக்கு வேறு மாதிரியானது: “உனக்காகச் சேர்க்கை அலுவலகத்தில் பேசுகிறேன்” என்பதுதான் அவர் தரக்கூடியது. சேர்ப்பதும் விடுவதும் அந்த அலுவலகத்தின் கையில். உன் மதிப்பெண் பட்டியலை அவர்கள் முன்கூட்டியே பார்த்துவிட்டார்களா, என்ன சொன்னார்கள் என்று கோச்சிடம் கேள். ஐவி லீகில் அக்டோபர் 1 முதல் சேர்க்கை அலுவலகமே, இடம் பெரும்பாலும் உறுதி என்று சொல்லும் ‘லைக்லி லெட்டர்’ அனுப்பலாம். அதுதான் நம்பக்கூடிய முதல் காகிதம். கோச் சொன்னதை நம்பி மற்றக் கல்லூரி விண்ணப்பங்களை நிறுத்திவிடாதே.

6. கோச் போய்விடுவார் என்று நினைத்தே முடிவெடு.

டேவிட் சில்ஸ் என்ற பையனின் கதை இங்கே விளையாட்டுப் பக்கம் படிக்கிற எல்லோருக்கும் தெரியும். 2010 பிப்ரவரியில், பதின்மூன்று வயதில், ஏழாம் வகுப்பு படிக்கும்போது தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் அப்போதைய அமெரிக்கக் கால்பந்து கோச் லேன் கிஃபின் அவனுக்கு ஆஃபர் சொன்னார். பையன் ‘வருகிறேன்’ என்றான். நாடு முழுக்கச் செய்தி ஆனது. குவார்ட்டர்பேக் ஆகப்போகிற பிள்ளை என்று கேமராக்கள் பின்னாலேயே போயின. 2013 செப்டம்பரில், அவன் இன்னும் பள்ளியில் இருக்கும்போதே, கிஃபினைப் பல்கலைக்கழகம் வேலையை விட்டு நீக்கியது. வாக்குக் கொடுத்த மனிதரே அங்கு இல்லை. வந்த புதியவருக்கு அந்த வாக்கோடு ஒரு சம்பந்தமும் இல்லை. சில்ஸ் கடைசியில் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்குப் போனான், நடுவில் ஒரு ஜூனியர் காலேஜுக்கும் போய் வந்தான், குவார்ட்டர்பேக் கனவை விட்டு ரிசீவராக மாறி நன்றாகவே ஆடினான். திறமையும் உழைப்பும் அவனைக் காப்பாற்றின. பதின்மூன்று வயதில் கேட்ட வாக்கு அவனுக்கு எதையும் தரவில்லை.

இதிலிருந்து நான் பிள்ளைகளிடம் கேட்கச் சொல்வது இரண்டு. அரசுப் பல்கலைக்கழகமாக இருந்தால் கோச்சின் ஒப்பந்தம் பெரும்பாலும் பொது ஆவணம். எந்த வருடம் முடிகிறது என்று தேடிப் பார். அணி தொடர்ந்து தோற்றுக்கொண்டிருந்தால் அதையும் சேர்த்து யோசி. இரண்டாவது, இந்தக் கோச் நாளையே போய்விட்டால் இந்தக் கல்லூரியில் நான் படிப்பேனா? இந்தப் பாடப்பிரிவு, இந்த ஊர், இந்தக் குளிர், இந்தச் செலவு இவற்றோடு நான்கு வருடம் இருப்பேனா? பதில் ‘இல்லை’ என்றால் ஆஃபர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் வேண்டாம் என்பேன்.

7. இப்போதெல்லாம் பணத்தைவிட இடம்தான் பெரிய கேள்வி. மேலே சொன்ன சமரசம் ஸ்காலர்ஷிப் வரம்பை எடுத்துவிட்டு, அணியில் எத்தனை பேர் இருக்கலாம் என்ற வரம்பைக் கொண்டுவந்தது: டென்னிஸில் பத்து, நீச்சலில் முப்பது, கிராஸ் கன்ட்ரியில் பதினேழு, பேஸ்பாலில் முப்பத்து நான்கு, அமெரிக்கக் கால்பந்தில் நூற்றைந்து. 2025 வசந்த காலத்தில், சமரசத்துக்கு நீதிமன்ற ஒப்புதல் வருவதற்கு முன்பே, பல கல்லூரிகள் ஆட்களைக் குறைக்க ஆரம்பித்தன. இடம் உண்டு என்று வாக்குப் பெற்று, பள்ளி முடிக்க சில வாரங்களே இருந்த பிள்ளைகளுக்கும் “மன்னிக்கவும், இடமில்லை” என்று போன் வந்தது. வேறு கல்லூரிகளை எல்லாம் மறுத்துவிட்டவர்கள் அவர்கள். வழக்கை விசாரித்த நீதிபதி கிளாடியா வில்கன் இந்தக் கொடுமையைச் சரிசெய்யாமல் ஒப்புதல் தர மறுத்தார். அப்படி நீக்கப்பட்டவர்களை வரம்புக் கணக்கில் சேர்க்காமல் எடுத்துக்கொள்ளலாம் என்ற ஏற்பாட்டுக்குப் பிறகே ஜூன் 6 அன்று ஒப்புதல் கொடுத்தார். ‘எடுத்துக்கொள்ளலாம்’ என்பதோடு சரி. எடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் கல்லூரிகளுக்கு வரவில்லை.

இதோடு, கல்லூரி மாற நினைக்கும் ஆட்டக்காரர்கள் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டலையும் சேர்த்துக்கொள். 2018 அக்டோபரில் தொடங்கிய அந்த ஏற்பாட்டில், 2024 முதல், படிப்புத் தகுதி இருந்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் கல்லூரி மாறி உடனே ஆடலாம். பதினேழு வயதுப் பிள்ளைக்காக வைத்திருந்த இடத்துக்கு, இருபத்தொரு வயதில் உடல் முறுக்கேறிய ஆட்டக்காரர் வந்து நிற்பார். கோச்சிடம் கேள்: “என் வருடத்தில் எத்தனை பேரைப் பள்ளியிலிருந்து எடுக்கிறீர்கள்? சென்ற வருடம் போர்ட்டலிலிருந்து எத்தனை பேர் வந்தார்கள்?” பதிலைவிட, அவர் எண்களைத் தயங்காமல் சொல்கிறாரா என்று கவனி.

8. இந்தக் கேள்விகளை நீதான் கேட்க வேண்டும். அப்பா அல்ல.

நம் வீடுகளில் பெரியவர்களிடம் காசு பற்றிப் பேசுவது மரியாதைக் குறைவு என்று சொல்லியே வளர்க்கிறோம். அதனால் நம் பிள்ளைகள் கோச் சொல்வதற்கெல்லாம் “தேங்க் யூ, கோச்” என்று சொல்லிவிட்டுப் போனை வைக்கிறார்கள். ஒரு பெண்ணைச் சொல்கிறேன். பட்டர்ஃப்ளை நீந்துகிறவள், அப்போது பதினொன்றாம் வகுப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை கோச் போன் செய்வதாகச் சொல்லியிருந்தார். குடும்பமே எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜைக்கு வந்துவிட்டது. நீச்சல் போட்டியின் ஹீட் ஷீட் ஒன்றைத் திருப்பிப் போட்டு அதன் பின்பக்கத்தில் கேள்விகளை எழுதச் சொன்னேன். அவளுடைய அப்பாவை எனக்குப் பக்கத்தில் உட்கார வைத்து, வாயே திறக்கக் கூடாது என்று கேட்டுக்கொண்டேன். போன் வந்தது. கோச் அன்பாகப் பேசினார், நாற்பது சதவீதம் என்றார். அப்பா முகம் மலர்ந்துவிட்டது. கையை ஆட்டி ‘சரி சொல்லு, சரி சொல்லு’ என்றார். அவள் காகிதத்தைப் பார்த்தாள். குரல் நடுங்கியது. “கோச், அது கட்டணத்தில் நாற்பதா, மொத்தச் செலவில் நாற்பதா?” அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. “நல்ல கேள்வி, நிதியுதவி அலுவலகத்தில் உறுதிசெய்துகொண்டு சொல்கிறேன்” என்றார். இரண்டு நாள் கழித்து அவரே கூப்பிட்டுக் ‘கட்டணத்தில்தான்’ என்று சொன்னார். அதற்காக அவளைப் பற்றி அவர் குறைவாக நினைக்கவில்லை. அவர் அணியில்தான் இப்போது நீந்துகிறாள். நான்கு வருடம் தண்ணீரில் உன்னை விரட்டப்போகிறவர், ஒரு கேள்வியைத் தாங்கமாட்டார் என்றால் அதையும் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

9. பேசியதை எழுதி அனுப்பு. போனை வைத்த அன்றைக்கே ஒரு சின்ன மின்னஞ்சல்: நன்றி, நாம் பேசியதில் நான் புரிந்துகொண்டது இது, எந்த வருடம், எவ்வளவு, எத்தனை வருடத்துக்கு, எந்தத் தேதிக்குள் நான் பதில் சொல்ல வேண்டும், தவறாக இருந்தால் சொல்லுங்கள். ஐந்து வரி போதும். இதனால் அது ஒப்பந்தம் ஆகிவிடாது. ஆனால் மறதிக்கும் மழுப்பலுக்கும் இடம் குறையும். ஒன்றைக் கவனி: பன்னிரண்டாம் வகுப்பு ஆகஸ்டுக்கு முன் ஸ்காலர்ஷிப்பை எழுத்தில் தர அவருக்கு அனுமதி இல்லாததால், அவர் பதில் எழுதாமல் போனில் கூப்பிட்டுப் பேசலாம். அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

10. “வெள்ளிக்கிழமைக்குள் சொல், இல்லையென்றால் இடம் வேறு ஒருவருக்கு” என்பது அடிக்கடி வரும். சில சமயம் அது உண்மை. அடுத்த பிள்ளை உண்மையிலேயே காத்திருப்பாள். நீ கல்லூரியை இன்னும் நேரில் பார்க்கவில்லை என்றால் அதைச் சொல்லி, குறிப்பிட்ட தேதி ஒன்றைக் கேள்: “பதினெட்டாம் தேதி அங்கே வருகிறேன், இருபதாம் தேதி பதில் சொல்கிறேன்.” வெறுமனே ‘டைம் வேண்டும்’ என்றால் தயக்கமாகத் தெரியும், தேதி சொன்னால் மரியாதையாகத் தெரியும். நேரில் பார்க்காத கல்லூரிக்கு வாக்குக் கொடுக்காதே. அங்கே போனால் கோச்சைவிட அணியின் இரண்டாம் வருடப் பிள்ளைகளோடு அதிக நேரம் பேசு. உங்களுக்குச் சொன்னது கிடைத்ததா என்று அவர்களிடம் கேள்.

11. மதிப்பெண்ணை விட்டுவிடாதே. டிவிஷன் ஒன்றுக்குப் பதினாறு முக்கியப் பாடங்கள், அவற்றில் 2.3 சராசரி, பத்துப் பாடங்கள் பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கும் முன் முடிந்திருக்க வேண்டும். இது குறைந்தபட்சம். சேர்க்கை அலுவலகம் கேட்பது இதைவிட அதிகம்.

12. இந்தியாவிலிருந்து நேராக வர நினைக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. சென்னையில் வளர்ந்த சோம்தேவ் தேவ்வர்மன் வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்காக ஆடி 2007, 2008 இரண்டு வருடமும் என்.சி.ஏ.ஏ. டென்னிஸ் ஒற்றையர் பட்டம் வென்றார். மதுரைப் பையன் தக்ஷிணேஸ்வர் சுரேஷ் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் ஆடி டேவிஸ் கோப்பைக்கு வந்தார். வழி திறந்தே இருக்கிறது. ஆனால் விசாவுக்குத் தேவையான ஐ-20 படிவத்தைக் கல்லூரி தர வேண்டுமென்றால் படிப்புச் செலவுக்குப் பணம் இருப்பதற்கு ஆவணம் வேண்டும். கோச்சின் வாய்ச்சொல் அங்கே செல்லாது; கையெழுத்தான ஸ்காலர்ஷிப் கடிதம்தான் செல்லும். நடுவில் ஏஜென்ட் இருந்தால், கோச்சோடு நீயே வீடியோவில் பேசாமல் அந்த ஏஜென்டுக்குப் பணம் கட்டாதே.

13. காகிதம் வந்ததும் வாசி. இந்தக் கல்லூரியில்தான் சேர்வேன் என்று கையெழுத்திடும், 1964 முதல் இருந்த ‘லெட்டர் ஆஃப் இன்டென்ட்’ 2024 அக்டோபரில் எடுக்கப்பட்டுவிட்டது. அந்த இடத்தில் இப்போது இருப்பது ஸ்காலர்ஷிப் ஒப்பந்தம்தான். பெரிய காகிதம் இல்லை, ஆனால் எல்லாம் அதில் இருக்கிறது. எந்தக் கல்வியாண்டிலிருந்து எந்தக் கல்வியாண்டுவரை, எவ்வளவு, எந்தெந்தச் செலவுக்கு, என்ன நடந்தால் குறைப்பார்கள் அல்லது நிறுத்துவார்கள், கல்லூரி சார்பில் யார் கையெழுத்து. போனில் சொன்ன எண்ணும் இந்த எண்ணும் ஒன்றா என்று உன் பழைய மின்னஞ்சலை எடுத்து வைத்துக்கொண்டு பார். வித்தியாசம் இருந்தால் கையெழுத்துப் போடுவதற்கு முன் கேள். இதில் கையெழுத்தான பிறகுதான் உனக்குப் பிடிமானம் வருகிறது: கோச் போனாலும் கல்லூரி கொடுத்த காலத்துக்குப் பணம் தர வேண்டும், அந்தக் காலத்துக்குள் அடிபட்டாலோ சரியாக ஆடவில்லை என்றாலோ அதைச் சொல்லிக் குறைக்க முடியாது. ஒரு வருட ஒப்பந்தம் என்றால், அடுத்த வருடம் தொடருமா என்பதை ஜூலை 1-க்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். நிறுத்தினால் முறையீடு செய்ய உனக்கு உரிமை உண்டு. கோடையில் வரும் அந்தக் கடிதத்தைப் பிரிக்காமல் விட்டுவிடாதே.

14. நீ கொடுக்கும் வாக்கைப் பற்றி. அவர்களைக் கட்டாத வாக்கு உன்னைக் கட்டாது என்று சட்டப்படி சொல்லலாம். நான் வேறு மாதிரி சொல்கிறேன்: தாமதமாகக் கொடு, கொடுத்தால் நில். பேச்சில் ஒன்று சொல்லிவிட்டு இன்னும் பெரிய பெயருக்காகத் தேடிக்கொண்டே இருக்கிற பிள்ளையால், அந்த இடத்துக்காக மறுக்கப்பட்ட இன்னொரு பிள்ளை வீட்டில் அழுதிருக்கும். அதே நேரம் ‘வாக்கு வாக்குதான்’ என்ற உபதேசத்தைப் பதினாறு வயதுப் பிள்ளைக்கு மட்டும் செய்துவிட்டு, வேறு கல்லூரியில் அதிகச் சம்பளம் கிடைத்ததும் கிளம்புகிற கோச்சுக்குச் செய்யாத பெரியவர்களை நான் ஏற்பதில்லை. கோச் மாறினால், சொன்ன தொகை குறைந்தால், உங்கள் வீட்டு நிலைமை மாறினால், உன் வாக்கைத் திரும்ப எடுத்துக்கொள்ள உனக்கு முழு உரிமை உண்டு. நேரில் பேசு, போனில் பேசு. குறுஞ்செய்தியில் மட்டும் சொல்லாதே.

முடிவு எடுத்த அன்று இன்ஸ்டாகிராமில் போடுவதற்கு முன், கோயிலில் அம்மா யாரிடமும் சொல்வதற்கு முன், உன்னோடு பேசிக்கொண்டிருந்த மற்றக் கோச்சுகள் ஒவ்வொருவரையும் நீயே கூப்பிடு. இரண்டு நிமிடம்: நன்றி, வேறு இடத்துக்கு முடிவு செய்துவிட்டேன், நீங்கள் எனக்காக நேரம் ஒதுக்கியதற்கு நன்றி. கஷ்டமான அழைப்புதான். அவர்கள் அதை மறக்கமாட்டார்கள்.

15. அப்படியும் ஒரு நாள் “இடம் இல்லை” என்று போன் வந்தால். அன்று அழு. மறுநாள் காலையில் வேலையைத் தொடங்கு. கோச்சைக் கூப்பிட்டு, காரணம் கேட்டுவிட்டு, உனக்காக வேறு கோச்சுகளிடம் பேசித் தருவாரா என்று கேள். குற்ற உணர்வோடு இருக்கிறவர் அந்த உதவியைப் பெரும்பாலும் செய்வார். பிறகு, நீ நன்றி சொல்லி விலகிய கோச்சுகளுக்கு எழுது. டிவிஷன் இரண்டையும் என்.ஏ.ஐ.ஏ. என்ற தனி அமைப்பின் கல்லூரிகளையும் ஜூனியர் காலேஜுகளையும் பட்டியலில் சேர். ஸ்காலர்ஷிப் அங்கேயும் உண்டு. போர்ட்டலில் ஆட்கள் வெளியேறுவதால் ஏப்ரல், மே மாதங்களில்கூடக் காலியிடம் வந்துகொண்டே இருக்கிறது. உன் சமீபத்திய நேரங்கள் அல்லது ரேட்டிங், மதிப்பெண் பட்டியல், இரண்டு நிமிட வீடியோ, எந்த வருடம் பள்ளி முடிக்கிறாய், உங்கள் வீட்டால் வருடத்துக்கு எவ்வளவு கட்ட முடியும், இத்தனையும் ஒரே மின்னஞ்சலில் வைத்து, ஒவ்வொரு கோச்சுக்கும் அவர் பெயர் போட்டுத் தனித்தனியாக அனுப்பு.